தீபாவளிக்கு லீவு யாருக்கு? பண்டிகை நாள் தகராறுகள்: வாசகர் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய பணியிடக் கேள்விகளில், பண்டிகை நாள் லீவு பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். பெயர்களையும் நிறுவனங்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். என் கீழே 14 நர்ஸ்கள். லீவு நோட்டில் யார் முதலில் பெயர் எழுதுகிறாரோ அவருக்கே அந்த நாள் என்பது பழைய வழக்கம். இந்தமுறை புது நோட்டு வைத்த அன்று நைட் டியூட்டியில் இருந்த இரண்டு பேர் பொங்கல், தீபாவளி இரண்டுக்கும் எழுதிவிட்டார்கள். காலையில் வந்தவர்கள் கொதித்துப் போனார்கள். கேரளத்துப் பிள்ளைகள் ஓணமும் கிறிஸ்துமஸும் கேட்கிறார்கள். யாரை விட்டுக்கொடுக்கச் சொல்வது?

பதில்: யாரையும் விட்டுக்கொடுக்கச் சொல்லாதீர்கள். இந்தச் சண்டை அந்த இரண்டு பேரால் வந்ததல்ல. ஒரே நாளில் எத்தனை பேர் லீவில் போகலாம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. போன வருடம் யாருக்குக் கிடைத்தது என்ற பதிவும் இல்லை. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் நோட்டை முதலில் கையில் பிடித்தவர்தான் ஜெயிப்பார். அவர் பெரும்பாலும் நோட்டு இருக்கும் மேஜைக்குப் பக்கத்தில் டியூட்டி பார்ப்பவராக இருப்பார். அவருக்கு அதிக உரிமை எப்படி வரும்?

முதலில் எண்ணிக்கை. உங்கள் வார்டில் காலை 4, மாலை 3, இரவு 2 என ஒரு நாளைக்கு 9 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 14 பேருக்கும் வாரம் ஒரு நாள் ஆஃப் என்றால் தினமும் சராசரியாக 2 பேர் ஆஃபில் இருப்பார்கள். மீதி 3. அதில் ஒருவரைத் திடீர்க் காய்ச்சலுக்கும் வீட்டு அவசரத்துக்கும் ஒதுக்கி வையுங்கள். ஆக, சாதாரண நாளில் 2 பேருக்கு லீவு தரலாம். பண்டிகை வாரத்தில் வீக்லி ஆஃபை முன்னே பின்னே தள்ளினால் 3 பேருக்குத் தரலாம். தள்ளும்போது ஒருவர் தொடர்ச்சியாக 10 நாளைத் தாண்டி ஓய்வில்லாமல் வேலை செய்யும்படி ஆகிவிடக் கூடாது. அப்படி ஆனால் அந்த லீவை அவருடைய உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

அடுத்து, எந்த நாளுக்கெல்லாம் போட்டி என்று எல்லோரையும் கேட்டே பட்டியல் போடுங்கள். பொங்கல், ரம்ஜான், ஓணம், தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ் என ஆறு தொகுதி வருகிறது என்று வைப்போம். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 4 நாள். கிறிஸ்துமஸுக்குப் போய்ப் புத்தாண்டு முடிந்துதான் வருவேன் என்பவர் இரண்டு தொகுதி எடுத்ததாகக் கணக்கு. ஆறு தொகுதிக்கு மும்மூன்று இடம் என்றால் 18 இடம். 14 பேருக்கும் ஒன்று நிச்சயம். நாலு இடம் மிச்சம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாலே பாதிக் கோபம் அடங்கிவிடும். ஆளாளுக்கு ஒன்று உண்டு என்பது அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

பிறகு தேர்வு. முதல் வருடம் மட்டும் சீட்டு எழுதிக் குலுக்கி வரிசை போடுங்கள். 1ஆம் ஆளிலிருந்து 14ஆம் ஆள் வரை தலைக்கு ஒரு தொகுதி எடுக்கட்டும். மிச்சமுள்ள நாலு இடத்துக்கு 14ஆம் ஆளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். கடைசியில் நின்றவருக்கு அது ஈடு. அடுத்த வருடத்துக்கு விதி இதுதான்: குலுக்கல் சீட்டில் ஒருமுறை பணம் எடுத்தவர் மற்றவர்கள் எடுத்து முடிக்கும்வரை காத்திருப்பது போல, தீபாவளி எடுத்தவர் தீபாவளி கேட்கும் மற்ற எல்லோருக்கும் கிடைத்த பிறகே திரும்பத் தீபாவளி கேட்கலாம். கேட்பவர் 9 பேர், இடம் 3 என்றால் மூன்று வருடத்தில் ஒரு சுற்று முடியும். மூன்றாவது வருடம் எனக்கு நிச்சயம் என்று தெரிந்தவர் இந்த வருடம் சண்டை போடமாட்டார்.

இதற்குத் தனி நோட்டு வேண்டும். பெயர், வருடம், கேட்டது, கிடைத்தது, உண்மையில் போனது என ஐந்து பத்தி. கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். லீவு கிடைத்தும் ஆள் பற்றாக்குறையால் டியூட்டிக்குக் கூப்பிடப்பட்டவர் அந்த வருடம் லீவு எடுத்ததாக ஆகாது. அவர் வரிசையில் முதலிடத்துக்கு வர வேண்டும். இன்சார்ஜ் மாறும்போது இந்த நோட்டையும் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். நோட்டு தொலைந்துபோன இடங்களில் பழைய கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நடுவில் சேர்ந்தவர் அந்த வருட வரிசையின் கடைசியில் நிற்கட்டும். அடுத்த வருடம் எல்லோரையும்போல.

இந்த வருடம் நோட்டில் எழுதிவிட்ட இருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "நீங்க செஞ்சது தப்பில்ல சிஸ்டர், அப்ப இருந்த வழக்கம் அதுதான். இனிமே வேற முறை. ரெண்டுல ஒண்ண வச்சுக்குங்க, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றால் போதும். எல்லோர் முன்னாலும் அவர்கள் பெயரை அடித்தால் அந்த அவமானம் தீபாவளி முடிந்தும் வார்டில் இருக்கும்.

கேள்வி: இதையெல்லாம் எந்த மாதம் செய்வது? பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதாதா? (காட்பாடி வாசகர்)

பதில்: போதாது. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது. பயணம் செய்யும் நாள் அதில் சேராது. ஜனவரி 13 அன்று காட்பாடியில் ரயில் ஏற நினைப்பவருக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். பண்டிகை ரயில்களில் அன்றே இடம் தீர்ந்துவிடும். டிசம்பரில் லீவு சொன்னால் அவருக்குக் கிடைப்பது லீவு மட்டும்தான், ஊருக்குப் போக வழி கிடையாது.

ஆகவே அக்டோபர் முதல் வாரத்தில் அடுத்த வருடத்துப் பட்டியலைப் போட்டு, 31ஆம் தேதிக்குள் முடித்து, ஒட்டிவிடுங்கள். "டிக்கெட் போட்டுட்டேன்" என்று யாராவது முன்கூட்டியே வந்து நின்றால், அதை ஒரு காரணமாக ஏற்க வேண்டாம். ஏற்றுக்கொண்டால், அடுத்த வருடம் எல்லோரும் டிக்கெட்டோடு வருவார்கள். இதைப் பட்டியலின் அடியிலேயே எழுதிவிடலாம்: "லீவு உறுதியாகும் முன் எடுத்த டிக்கெட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல."

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் லைனில் சூப்பர்வைசர். லைனில் 32 பேர். தை, மாசியில் எருது விடும் திருவிழா வந்தால் ஒரே ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரே நாள் லீவு கேட்கிறார்கள். "இன்னா சார், எங்க ஊரு மாடு உடுற நாளுக்குக்கூட லீவு இல்லியா?" என்று கேட்கிறார்கள். கொடுத்தால் லைன் நிற்கிறது. கொடுக்காவிட்டால் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள்.

பதில்: தொழிற்சாலையில் தலையை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். 32இல் 4 பேர் போனால் லைன் ஓடும் என்று நினைப்பீர்கள். அந்த நாலில் இரண்டு பேர் ஸ்கைவிங் மெஷின்காரர்கள் என்றால், ஓரம் சீவாத தோல் அடுத்த மேஜைக்குப் போகாது. மீதி 28 பேர் காலை 11 மணிக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரு காகிதத்தில் இடப்பக்கம் பெயர்கள், மேலே வேலைகள்: ஸ்கைவிங், மடிப்பு, பிளாட் பெட், போஸ்ட் பெட் (இரண்டும் தையல் மெஷின்கள்), ஐலெட் (கயிறு கோக்கும் துளை), செக்கிங். யாருக்கு எது தனியாகச் செய்ய வருமோ அதில் டிக் போடுங்கள். எந்தப் பத்தியில் இரண்டே டிக் இருக்கிறதோ அந்த இருவரும் ஒரே நாளில் லீவில் போக முடியாது. இதை அவர்களிடமே காட்டுங்கள். ஒரு டிக் மட்டும் இருக்கும் பத்தி உங்கள் குறை. அந்த ஆளின் குறையல்ல. "நீ இல்லாட்டி ஓடாதுப்பா" என்று சொல்லி வருடாவருடம் ஒருவரையே நிறுத்திவைப்பது, வேலை நன்றாகக் கற்றுக்கொண்டதற்குத் தண்டனை கொடுப்பதாகும். அவர் பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கும் வேலையை ஆவணியிலேயே தொடங்கினால் தைக்குள் தயாராகிவிடுவார்.

எருது விடும் நாளின் சிக்கல் வேறு. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் என்று முன்பே தெரியும். மயானக் கொள்ளை சிவராத்திரியை அடுத்த அமாவாசையில். சித்ரா பௌர்ணமி இரவு வேலூரில் புஷ்பப் பல்லக்கு. அதற்கு அன்றைய இரவு ஷிப்ட்டையும் மறுநாள் காலை ஷிப்ட்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். இவை எல்லாம் பஞ்சாங்கத்தில் கிடைக்கும். எருது விடும் விழா ஊருக்கு ஊர் வேறு நாள்; மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வந்த பிறகே உறுதி. அக்டோபரில் தேதி கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் கேட்காமலே விடுவார்கள், அப்புறம் திடீரென்று நிற்பார்கள்.

இதற்கு 'ஊர் நாள்' என்று தலைக்கு ஒரு நாளைத் தேதியில்லாமல் ஒதுக்குங்கள். வருடத்தில் ஒன்றுதான், எந்த ஊர்த் திருவிழாவுக்கும் எடுக்கலாம். அனுமதி உறுதியானதும் குறைந்தது 5 நாள் முன்னால் சொல்ல வேண்டும். ஒரே ஊர்க்காரர் எட்டுப் பேர் என்றால் அந்த எட்டுப் பேரையே உட்காரவைத்து, இந்த வருடம் எந்த நாலு, அடுத்த வருடம் எந்த நாலு என்று எழுதி வாங்குங்கள். சூப்பர்வைசர் தேர்ந்தெடுத்தால் பாரபட்சம் என்பார்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசி முடித்தது நிற்கும். மாடு வைத்திருப்பவர் வீட்டு ஆளுக்கு இரண்டு வருடமும் இடம் கொடுப்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். லைன் நிற்காமல் இருக்க, முந்தின வாரம் அரைமணி அரைமணியாக ஸ்கைவிங் முடித்த துண்டுகளைச் சேர்த்து ஒரு நாள் இருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதிக நேரத்துக்குரிய கூலியை அன்றன்றே எழுதிவிடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம் 1958இன்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை, மொத்தம் 9. அந்த ஐந்து எவை என்பதைத் தொழிலாளர்களையும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். பல இடங்களில் போன வருடப் பட்டியலையே தேதி மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் லைனில் பாதிப் பேர் ஒரே வட்டாரத்துக்காரர்கள் என்றால் அவர்கள் கேட்கும் ஒரு நாளை அந்த ஐந்தில் சேர்த்துவிடலாம். சண்டை அதோடு முடிந்தது. அந்த 9 நாளில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுப்பு.

ஈட்டிய விடுப்பு 20 நாள் வேலைக்கு 1 நாள். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இதற்கு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டியிருந்தது; அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் வருடத்துத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் 180 நாள். எடுக்காமல் விட்ட விடுப்பில் 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குப் போகும். முறையாகக் கேட்டும் மறுக்கப்பட்ட விடுப்புக்கு இந்த 30 நாள் வரம்பு கிடையாது. ஆகவே வாயால் கேட்டு, வாயால் "இல்லை" என்று கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். 15 நாள் முன்னால் எழுதிக் கொடுத்து, மறுத்தால் அதையும் எழுதி வாங்குங்கள். இது தொழிலாளிக்குச் சொல்வது. சூப்பர்வைசரான நீங்கள் எழுதிக் கொடுக்கத் தயங்கவும் கூடாது.

கேள்வி: மேல்விஷாரத்தில் இருந்து ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறேன். ரம்ஜான் எந்த நாள் என்று பிறை பார்த்த பிறகுதான் தெரியும். "தேதி தெரியாம லீவு எப்படிப் போடறது?" என்று ஆபீஸில் கேட்கிறார்கள்.

பதில்: இரண்டு நாளையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். 29ஆம் நோன்பன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் 30 நோன்பு நிறைந்து அதற்கடுத்த நாள். இதற்குமேல் தள்ளிப்போகாது. "இந்த இரண்டில் ஒன்று லீவு, மற்றது டியூட்டி, தலைமை காஜி அறிவித்ததும் இரவே சொல்வேன்" என்று எழுதினால் போதும். உங்களுக்குப் பதில் வருபவரும் இரண்டு நாளும் வெளியூர் போகாதவராக இருக்க வேண்டும். அவரிடம் இதை முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பக்ரீதுக்கு இந்தக் குழப்பம் இல்லை. துல்ஹஜ் பிறை தெரிந்த பிறகு பத்தாம் நாள் என்பதால் ஒன்பது நாள் அவகாசம் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முஸ்லிம், கிறிஸ்தவ ஊழியர்கள் டியூட்டி பார்ப்பதும், ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் மற்றவர்கள் பார்ப்பதும் நல்ல ஏற்பாடு. ஆனால் அதை இரு தரப்பும் விரும்பிச் செய்ய வேண்டும், நோட்டில் ஏற வேண்டும். "உனக்கென்ன, உனக்குத்தான் தீபாவளி கிடையாதே" என்பது ஏற்பாடு ஆகாது. தீபாவளிக்குப் பள்ளி விடுமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும்தான். அவருக்கும் பிள்ளைகளோடு இருக்க வேண்டியிருக்கலாம்.

கேள்வி: கல்யாணம் ஆகாதவள் என்பதால் ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னையே நிறுத்துகிறார்கள். "பிள்ளைக்குட்டிக்காரங்க போகட்டும்மா, நீ அப்புறமா போய்க்கலாம்" என்கிறார் அக்கவுண்ட்ஸ் அக்கா. நல்லவர், அவரிடம் மோதவும் மனமில்லை. (காந்தி நகர் வாசகி)

பதில்: உங்கள் ஊரில் உங்கள் அப்பா அம்மாவும் பொங்கலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். யாருக்குப் பிள்ளை இருக்கிறது என்பதை அளவுகோலாக வைத்தால் சிலருக்கு எப்போதுமே முறை வராது. லீவுக்கான காரணத்தையே கேட்காத முறைதான் நியாயமானது. விதிவிலக்கு வேண்டுமானால் திரும்ப வராத நாட்களுக்கு மட்டும்: தனக்கோ உடன்பிறந்தவருக்கோ கல்யாணம், வீட்டில் சாவு, கருமாதி, பரீட்சை. இதற்கு மேல் பட்டியலை நீட்டினால் எல்லாமே விதிவிலக்கு ஆகிவிடும்.

அக்காவிடம் மோத வேண்டாம். பண்டிகைக்கு மூன்று மாதம் முன்னால், மூன்றாவது ஆள் இல்லாத நேரத்தில், கணக்கோடு பேசுங்கள்: "அக்கா, போன மூணு பொங்கலுக்கும் நான்தான் இருந்தேன். இந்தத் தடவை நான் ஊருக்குப் போகணும். ஆயுத பூஜைக்கு உங்களுக்குப் பதிலா நான் இருக்கேன். மேனேஜர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்தே சொல்லிடலாமா?" குறை சொல்வதாக இல்லாமல், கேட்பதும் கொடுப்பதும் ஒரே மூச்சில் வருவதால் நல்லவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அதே இரண்டு வரியை மேனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள். அக்காவின் பெயர் அதில் வேண்டாம். நீங்கள் டியூட்டி பார்த்த வருடங்கள் மட்டும் போதும்.

கேள்வி: கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவித்தும் எங்கள் கம்பெனி லீவு விடவில்லை. கேட்டால் சண்டைக்கு வருகிறார்கள். (குடியாத்தம்)

பதில்: உள்ளூர் விடுமுறை மாநில அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் உரியது, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகவும் வரும். வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராததால் வங்கிகள்கூடத் திறந்திருக்கும். தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. அந்த நாள் வேண்டுமென்றால் மேலே சொன்ன ஐந்து பண்டிகை நாட்களில் சேர்க்கக் கேளுங்கள்.

கேள்வி: பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின நாள் இரவு வரை எல்லா ஆளும் வேண்டும். வெளியூர்ப் பையன்கள் இருவர் "நாங்க எப்பதான் ஊருக்குப் போறது முதலாளி?" என்கிறார்கள். உள்ளூர்ப் பையன்கள் அவர்களுக்குச் சலுகை தரக் கூடாது என்கிறார்கள்.

பதில்: முந்தின நாள் யாருக்கும் லீவு இல்லை என்பது உங்கள் தொழிலில் நியாயமே, வேலைக்குச் சேர்க்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வெளியூர் ஆளை உள்ளூர் ஆளோடு சேர்த்துக் கடை மூடும்வரை நிறுத்தினால் அவர் பண்டிகையைப் பஸ்ஸில்தான் கழிப்பார். தூரத்தைக் கணக்கில் எடுங்கள். திருவண்ணாமலைக்குப் போகிறவர் இரவு 8 மணிக்குக் கிளம்பட்டும். மதுரைக்குப் போகிறவர் மாலை 5 மணிக்கு. அந்த நேரத்துக்கு ஈடாக அவர்கள் முந்தின ஞாயிறு அதிக நேரம் நிற்கலாம். உள்ளூர்ப் பையன்களுக்குத் தீபாவளிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் லீவு கொடுங்கள். கடையில் கூட்டம் இருக்காது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் ஒரு வருடம் வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு உண்டு. அதுபோக 12 நாள் சாதாரண விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு. பண்டிகைக்கு முன்னால் கொடுக்க முடியாததைப் பின்னால் இதிலிருந்து கொடுத்துத் தீருங்கள்.

கேள்வி: லீவு மறுக்கப்பட்டவர் பண்டிகை அன்று "காய்ச்சல்" என்று போன் செய்கிறார். இன்னொருவர் டியூட்டி மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: காய்ச்சல் என்றவரைப் பொய் என்று சொல்லாதீர்கள், உண்மையாக இருந்துவிட்டால் ஈடு செய்ய முடியாது. மருத்துவச் சான்று கேட்பது என்றால் பண்டிகை நாளில் உடம்பு சரியில்லை என்ற எல்லோரிடமும் கேளுங்கள். சான்று இல்லாவிட்டால் அந்த நாள் அவர் அந்தத் தொகுதியை எடுத்ததாக நோட்டில் ஏறட்டும். தண்டனை வேண்டாம், அடுத்த வருடம் அவருடைய முறை தானாகவே பின்னால் போகும்.

டியூட்டி மாற்றத்துக்கு வாய்ப்பேச்சு செல்லாது என்று வைத்துவிடுங்கள். ஒரு துண்டுச் சீட்டு போதும்: "தீபாவளி அன்று காலை ஷிப்ட் அ-வுக்குப் பதில் ஆ. பொங்கல் அன்று மாலை ஷிப்ட் ஆ-வுக்குப் பதில் அ." இருவர் கையெழுத்து, இன்சார்ஜ் கையெழுத்து, 7 நாள் முன்னால். கையெழுத்தான பிறகு அந்த ஷிப்ட் ஆ-வின் பொறுப்பு. வராவிட்டால் அவரைத்தான் கேட்க வேண்டும், அ-வை ஊரிலிருந்து கூப்பிடக் கூடாது. மாற்றத்துக்குப் பணம் கொடுக்கல் வாங்கல் நடந்தால் உடனே நிறுத்துங்கள். கடன்பட்டவர்கள் பண்டிகையை விற்கத் தொடங்குவார்கள்.